1991: ஒரே வருஷத்தில் இந்தியாவில் இவ்வளவும் எப்படி நடந்தது, எது எதோடு கோர்த்தது?

மீன்கொத்தி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நவீன இந்திய வரலாற்றில் 1991 வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கையில் இருக்கிற கைடில் தேதியும் நிகழ்ச்சியும் மட்டும் அடுக்கியிருக்கிறார்கள். ஜனவரி 30 தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைப்பு, மார்ச் 6 சந்திரசேகர் ராஜினாமா, மே 21 ராஜீவ் காந்தி கொலை, ஜூன் 21 நரசிம்ம ராவ் பதவியேற்பு, ஜூன் 25 காவிரி இடைக்கால உத்தரவு, ஜூலை 24 பட்ஜெட், அக்டோபர் 20 உத்தரகாசி நிலநடுக்கம், டிசம்பரில் பெங்களூர் கலவரம் என்று ஒரு பக்கம் முழுக்கப் போகிறது. மனப்பாடம் பண்ணிவிடலாம், அது பிரச்னை இல்லை. ஆனால் இதில் எது எதனால் வந்தது, எது தற்செயலாக அதே வருஷத்தில் விழுந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முக்கியமாக, கஜானா காலியானது ராவ் வந்த பிறகா அதற்கு முன்னாலேயா, தங்கத்தை அடகு வைத்தது யார் (ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்), ராஜீவ் இறக்காமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டு முடிவு மாறியிருக்குமா? அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பழையபேப்பர் எழுதியது:

தம்பி, உன் கைடு ஜனவரியில் ஆரம்பிப்பதுதான் முதல் சிக்கல். 1991-ஐப் புரிந்துகொள்ள 1990 ஆகஸ்ட் 2-க்குப் போக வேண்டும், அன்றைக்குத்தான் சதாம் உசேன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். கச்சா எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து நம் ஆட்கள் அனுப்பிக்கொண்டிருந்த பணம் குறைந்தது, அங்கே இருந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானம் வைத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. இத்தனையும் வந்து விழுந்தது ஏற்கெனவே பலவீனமாக இருந்த ஒரு கணக்கின் மேல். 80-கள் முழுக்க மத்திய அரசு வரவுக்கு மேல் செலவு செய்து, பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்குப் போயிருந்தது. வெளிநாட்டுக் கடனிலும் குறுகிய காலக் கடன் அதிகம். அந்த மாதிரிக் கடன் கொடுத்தவர்கள் கொஞ்சம் சந்தேகம் வந்தாலே புதுப்பிக்க மாட்டார்கள். வெளிநாடு வாழ் இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டுகளையும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

அதனால் உன் முதல் கேள்விக்கு நேரான பதில்: ராவ் வரும்போதே கஜானா காலி. சந்திரசேகர் அரசு 1991 ஜனவரியிலேயே பன்னாட்டு நிதியத்திடம் சுமார் 180 கோடி டாலர் வாங்கிவிட்டது, அதுவும் போதவில்லை. அடுத்த கடன் வேண்டுமென்றால் ஒழுங்கான ஒரு பட்ஜெட்டைக் காட்ட வேண்டும். இங்கேதான் அரசியல் குறுக்கே வந்தது. சந்திரசேகருக்குச் சொந்த பலம் அறுபது சொச்சம் எம்.பி.க்கள்தான், காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. நிதியமைச்சர் யஷ்வந்த் சின்கா முழு பட்ஜெட் போடத் தயாராக இருந்தும் காங்கிரஸ் விடவில்லை, இடைக்கால பட்ஜெட்டோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்று ஒரு பிரச்னை கிளம்பி, மார்ச் 6 அன்று சந்திரசேகர் ராஜினாமா செய்தார். கையில் பணம் இல்லை, முழு பட்ஜெட் இல்லை, முடிவெடுக்க அதிகாரமுள்ள அரசும் இல்லை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை நாடு இப்படித்தான் ஓடியது. என்னைக் கேட்டால் அந்த நாலு மாதம்தான் 1991-இன் மையம். ஜூலையில் நடந்ததை எல்லாரும் பேசுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை.

நான் அப்போது வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தேன். இறக்குமதிக்கு எல்.சி. (வெளிநாட்டில் விற்பவருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க வருபவரிடம் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி ரொக்க மார்ஜின் கேட்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போய் 200 சதவீதத்தில் வந்து நின்றது. புரிகிறதா, நூறு ரூபாய் சரக்கு இறக்க இருநூறு ரூபாயை முதலில் கொண்டுவந்து வங்கியில் முடக்கி வை என்று அர்த்தம். இறக்குமதி செய்யாதே என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி அது. உதிரிபாகம் வராமல் ஆலைகள் பாதி ஷிஃப்ட் ஓடின. ஜூனில் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும்.

தங்கம் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் நிறையக் குழப்பம் இருக்கிறது.

சும்மாஇரு எழுதியது:

என்ன குழப்பம் சார், மன்மோகன் சிங் வந்தார், தங்கத்தை அடகு வைத்தார், நாட்டைக் காப்பாற்றினார். பள்ளிக்கூடத்திலேயே இதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

பழையபேப்பர் எழுதியது:

தங்கம் இரண்டு தவணையாகப் போனது, இரண்டும் வேறு வேறு அரசு. முதல் தவணை மே மாதம், சந்திரசேகர் காபந்து அரசாக இருந்தபோது. அது ரிசர்வ் வங்கித் தங்கம்கூட இல்லை, கடத்தலில் பிடிபட்டு அரசிடம் இருந்த 20 டன். ஸ்டேட் வங்கி வழியாக ஒரு சுவிஸ் வங்கிக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்றார்கள். கிடைத்தது 20 கோடி டாலர் அளவுக்கு. இரண்டாவது தவணை ஜூலையில், ராவ் பிரதமர், மன்மோகன் நிதியமைச்சர். ரிசர்வ் வங்கியின் தங்கத்திலிருந்து சுமார் 47 டன்னை பாங்க் ஆஃப் இங்கிலாந்து, பாங்க் ஆஃப் ஜப்பான் இரண்டுக்கும் ஈடாகக் காட்டி 40 கோடி டாலர் வாங்கினார்கள். தங்கம் இந்தியாவிலேயே இருக்கட்டும், காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றால் கடன் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்க்கும்படி லண்டனுக்கு வர வேண்டும் என்றார்கள். அதனால்தான் பம்பாயிலிருந்து விமானத்தில் ஏற்ற வேண்டி வந்தது, பத்திரிகையில் செய்தி கசிந்து ஊரே பேசியது.

வீட்டுத் தாலிச் செயினைச் சேட்டுக் கடையில் வைத்த மாதிரி ஜனங்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அந்த அவமான உணர்வு நிஜம். ஆனால் தொகையைப் பார்த்தால் மொத்தமே 60 கோடி டாலர்தான். கடனைத் தவறவிட்ட நாடு என்ற பெயர் வராமல் சில வாரங்களைக் கடத்த அது உதவியது, அவ்வளவுதான். ஜூலைக் கடனை அந்த வருஷத்துக்குள்ளேயே அடைத்தும் விட்டார்கள். பின்னால் 2009-இல் இதே ரிசர்வ் வங்கி பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கம் வாங்கியதை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவையாக இருக்கும்.

அப்புறம் ரூபாய் மதிப்புக் குறைப்பு. அதுவும் இரண்டு தடவை, ஜூலை 1 மற்றும் ஜூலை 3. மொத்தமாக 18, 19 சதவீதம் இறங்கி, 21 ரூபாயாக இருந்த டாலர் 26-ஐ ஒட்டி வந்தது. இதற்கு உள்ளுக்குள் வைத்த பெயர் 'ஹாப், ஸ்கிப், ஜம்ப்'. முதல் குறைப்புக்கே கட்சிக்குள் எதிர்ப்பு வந்ததும் ராவ் தயங்கி இரண்டாவதை நிறுத்தச் சொன்னார் என்றும், மன்மோகன் காலையில் ரிசர்வ் வங்கி துணை கவர்னர் ரங்கராஜனைப் போனில் பிடிப்பதற்குள் அறிவிப்பு போய்விட்டது என்றும் பின்னால் வெளிவந்தது. சம்பந்தப்பட்டவர்களே சொன்ன கதை இது. எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு நடந்தது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

துறைமுகம் எழுதியது:

தமிழ்நாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் டெல்லிக் கதையில் இது எப்போதும் அடிக்குறிப்பாகத்தான் வருகிறது.

ஜனவரி 30 கலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏழு மாதம் முன்னால், 1990 ஜூனில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற இலங்கைத் தமிழ் இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவைச் சென்னையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள், கொன்றவர்கள் தப்பியும் போனார்கள். விடுதலைப் புலிகளுக்குத் திமுக அரசு இடம் கொடுக்கிறது என்ற குற்றச்சாட்டை அதிமுகவும் காங்கிரசும் அதிலிருந்து விடவே இல்லை. சந்திரசேகரோ காங்கிரஸ் தயவில் உட்கார்ந்திருந்தார். ஆளுநர் பர்னாலாவிடம் அறிக்கை கேட்டார்கள், அவர் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார். மாநில ஆட்சியைக் கலைக்க வழி கொடுக்கும் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவில் ஆளுநர் அறிக்கை மூலமோ 'வேறு வகையிலோ' என்று ஒரு வாசகம் இருக்கிறது, அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையெழுத்துப் போட்டார். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் போகாமல் ராஜினாமா செய்தார். இந்த மாதிரிக் கலைப்புகளுக்குக் கடிவாளம் போட்ட எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1994-இல்தான் வந்தது, தேர்வில் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். மே 21 இரவு 10.20 வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது மாநிலத்தில் திமுக ஆட்சியும் இல்லை, அதிமுக ஆட்சியும் இல்லை. ஆளுநர் ஆட்சி. போலீஸ் நேரடியாக மத்திய அரசின் கீழ். அப்படியிருந்தும் அன்றிரவு அடி வாங்கியது திமுகக்காரர்கள். வீடுகள், கட்சி அலுவலகங்கள், கொடிக்கம்பங்கள் என்று ஊர் ஊராகப் போனது. பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று பார்க்க வர்மா கமிஷன், சதியைப் பற்றி விசாரிக்க ஜெயின் கமிஷன் என இரண்டு கமிஷன் போட்டார்கள். ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கை 1997-இல் கசிந்து, அதில் திமுக பெயர் அடிபட, அவர்களை அமைச்சரவையிலிருந்து நீக்கச் சொல்லிக் காங்கிரஸ் ஆதரவை விலக்க, மத்தியில் குஜ்ரால் அரசே விழுந்தது.

சரி, ராஜீவ் இறக்காமல் இருந்திருந்தால் என்று கேட்டீர்களே. அனுதாப அலை என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். எனக்கு அது அரைகுறை பதிலாகப் படுகிறது. 1989-ஐப் பாருங்கள். அந்த வருஷ ஆரம்பத்தில் சட்டமன்றத் தேர்தலில் திமுக ஜெயித்தது, ஏனென்றால் எம்.ஜி.ஆருக்குப் பிறகு அதிமுக ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்திருந்தது, காங்கிரசும் தனியாக நின்றது. அதே வருஷக் கடைசியில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்குள் அதிமுக ஒன்றாகிவிட்டது, காங்கிரசோடு கூட்டும் சேர்ந்துவிட்டது. முடிவு என்ன தெரியுமா, 39-இல் 38 அந்தக் கூட்டணிக்கு. திமுகவுக்குப் பூஜ்யம், அதுவும் ஆளும் கட்சியாக இருந்துகொண்டே. 1991-இல் அதே இரண்டு கட்சிக் கூட்டணிதான் நின்றது. எந்தக் கொலையும் நடக்காமலேயே அவர்கள்தான் ஜெயித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. கொலை செய்தது என்னவென்றால், தோல்வியைத் துடைத்தெறிதலாக மாற்றியது. 234-இல் 225, நாடாளுமன்றத்தில் 39-க்கு 39. கலைஞர் துறைமுகம் தொகுதியில் 890 வாக்கில் தப்பினார், பிறகு அதையும் ராஜினாமா செய்துவிட்டார். ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்து ஜூன் 24-இல் முதல்வரானார்.

அகில இந்திய அளவில் அனுதாபம் நிஜமாகவே வேலை செய்தது என்று சொல்வேன். மே 20 அன்று ஒரு கட்ட வாக்குப்பதிவு முடிந்துவிட்டது, மறுநாள் கொலை, மிச்சத்தைத் தேர்தல் ஆணையர் சேஷன் ஜூன் 12, 15-க்குத் தள்ளினார். முதல் கட்டத்தில் வாக்களித்த இடங்களில் காங்கிரஸ் மோசம், ஜூனில் வாக்களித்த இடங்களில் நன்றாகத் தேறியது. ஒரே தேர்தலுக்குள் முன், பின் என்று இப்படிக் கோடு போட்டுப் பார்க்க முடிவது அபூர்வம்.

கேள்விக்குறி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் 1991 என்றதும் ஒரு வீரக் கதை ஆரம்பித்துவிடுகிறது, அது எனக்கு ஒத்துவரவில்லை. ராவ் அந்தத் தேர்தலில் போட்டியே போடவில்லை, மூட்டை கட்டி ஹைதராபாத் போகத் தயாராக இருந்தவர். சோனியா மறுத்ததால்தான் பேச்சு அவர் பக்கம் திரும்பியது. மன்மோகனும் முதல் தேர்வு இல்லை, ரிசர்வ் வங்கி முன்னாள் கவர்னர் ஐ.ஜி. படேலைக் கேட்டு அவர் மாட்டேன் என்ற பிறகுதான், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தலைவராக இருந்த இவரைக் கூப்பிட்டார்கள். பெரும்பான்மை இல்லாத அரசு, எம்.பி.யாக இல்லாத பிரதமர். நவம்பரில்தான் நந்தியால் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்தார், அதிலும் தெலுங்கர் ஒருவர் பிரதமராகியிருக்கிறார் என்று என்.டி.ஆர். ஆள் நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் செய்ததைத் தொலைநோக்கு என்று பிறகு பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

ஜூலை 24-இல் நடந்ததையும் பாருங்கள். பெரிய மாற்றம் பட்ஜெட் உரையில் இல்லை, அன்றைக்கே சபையில் வைத்த தொழில் கொள்கை அறிக்கையில் இருந்தது. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம், 34 துறைகளில் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீடு வரலாம், பொதுத்துறைக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த 17-ஐ 8 ஆகக் குறைக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். தொழில் இலாகா ராவிடமே இருந்தது, ஆனால் அவர் எழுந்து படிக்கவில்லை, இணையமைச்சர் குரியனை விட்டு வைக்கச் சொன்னார். சாயங்காலம் பட்ஜெட் வந்ததும் மறுநாள் தலைப்புச் செய்தியெல்லாம் அதற்கே போய்விட்டது. இது சாமர்த்தியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வருஷக் கொள்கையைத் திருப்பிப் போடும்போது மக்களிடம் நேராக நின்று சொல்லத் துணிவில்லாத சாமர்த்தியம்.

இன்னொன்று, அதே பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார்கள். காங்கிரஸ் எம்.பி.க்களே கத்திய பிறகு 30-க்கு இறக்கி, சிறு விவசாயிகளுக்கு விலக்கு என்றார்கள். சமையல் காஸ், பெட்ரோல், சர்க்கரை எல்லாம் ஏறியது. லைசென்ஸ் போனதன் பலன் ஊருக்குள் வந்து சேர வருஷங்கள் ஆனது, விலை மட்டும் மறுநாளே வந்துவிட்டது.

பழையபேப்பர் எழுதியது:

துணிவில்லை என்பதை ஏற்க முடியாது. பெரும்பான்மை இல்லாதவன் நெஞ்சை நிமிர்த்திப் பேசினால் மறுநாள் ஆட்சி இருக்காது, இது பயம் இல்லை, கணக்கு. ஆனால் நெருக்கடி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. லைசென்ஸ் முறையைத் தளர்த்தும் காகிதங்கள் வி.பி. சிங் காலத்திலேயே அமைச்சகங்களில் தயாராகிச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆள் வந்ததும் மேசை மேல் எடுத்து வைத்தார்கள்.

காவேரிக்கரை எழுதியது:

ஜூன் 25-ஐ எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் டெல்டாக்காரன், விட மாட்டேன்.

தமிழ்நாட்டு விவசாயிகள் உச்ச நீதிமன்றம் போனது 1983-இல். நடுவர் மன்றம் அமைந்தது 1990 ஜூன் 2, வி.பி. சிங் காலத்தில், அதுவும் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. இடைக்காலமாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள் என்று கேட்டால், எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நடுவர் மன்றமே கையை விரித்தது. திரும்ப உச்ச நீதிமன்றம், அதிகாரம் உண்டு என்று 1991 ஏப்ரலில் அவர்கள் சொன்னார்கள். அப்புறம்தான் ஜூன் 25 உத்தரவு, வருஷத்துக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வர வேண்டும், கர்நாடகம் 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனத்தை விரிக்கக் கூடாது. கர்நாடகத்தின் பங்காரப்பா அரசு அடுத்த மாதமே உத்தரவைச் செல்லாததாக்க ஒரு அவசரச் சட்டம் போட்டது. தேதி ஜூலை 25, அதாவது புகழ்பெற்ற பட்ஜெட்டுக்கு மறுநாள். டெல்லி முழுக்க பட்ஜெட்டைப் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே எங்கள் பேச்சு இதுதான்.

அந்தச் சட்டம் செல்லாது என்று நவம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, டிசம்பர் 11-இல் இடைக்கால உத்தரவை மத்திய அரசு கெஜட்டில் போட்டது, அடுத்த நாளே பெங்களூரில் ஆரம்பித்தது. மைசூர்ப் பக்கமும் பரவியது. தமிழர் கடைகள், குடிசைகள், வண்டிகள் எரிந்தன, உயிர்ப்பலி ஆனது, ஆயிரக்கணக்கான பேர் கையில் கிடைத்ததோடு ஓசூர் பக்கம் வந்து இறங்கினார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் குடும்பம் அப்படி வந்ததுதான், திரும்பிப் போகவே இல்லை. நாற்பது வருஷம் அங்கேயே பிறந்து வளர்ந்து கன்னடம் பேசினவர்களுக்கும் அதே கதிதான்.

இதையும் மற்ற கதையோடு கோர்க்கச் சொன்னால், ராவ் ஏன் ஜூனில் வந்த உத்தரவை டிசம்பர் வரை கெஜட்டில் போடாமல் வைத்திருந்தார் என்று கேளுங்கள். கர்நாடகத்தில் ஆண்டது அவர் கட்சி, தமிழ்நாட்டில் ஆண்டது அவர் கூட்டணிக் கட்சி. சபையில் ஒவ்வொரு எம்.பி.யும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை. நீதிமன்றம் தள்ளிவிடாமல் அவர் நகரவில்லை. இறுதித் தீர்ப்பு 2007-இல் வந்தது, உச்ச நீதிமன்றம் அதையும் திருத்தி 2018-இல் 177.25 டி.எம்.சி. என்றது. 205-இலிருந்து 177-க்கு வந்ததுதான் எங்களுக்கு மிச்சம்.

அரட்டை எழுதியது:

இவ்வளவு சோகத்துக்கு நடுவில் ஒன்றிரண்டு நல்லதும் போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 18-இல் கேரளாவை முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அதே வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 52 சதவீதத்தைத்தான் தொட்டிருந்தது, ஜனத்தொகை 84 கோடியைத் தாண்டியது. நவம்பர் 10-இல் ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்கா வந்து ஆடியது, இரண்டு பத்தாண்டு விலக்குக்குப் பிறகு அவர்களுடைய முதல் சர்வதேச மேட்ச், அதுவும் நம் மண்ணில். வளைகுடாப் போரை சி.என்.என்.-இல் நேரலையாகப் பார்த்துத்தான் டிஷ் ஆண்டெனா என்ற சாமானே நிறையப் பேருக்குத் தெரிந்தது, வருஷம் முடிவதற்குள் ஸ்டார் டிவி வந்துவிட்டது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த வீட்டில் கேபிள் இழுத்தது பட்ஜெட்டை விடப் பெரிய தாராளமயம் என்பேன்.

மீன்கொத்தி எழுதியது:

ரொம்ப நன்றி, குறிப்பாக 1989 ஒப்பீடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்னும் ஒரு சந்தேகம். வழிபாட்டுத் தலங்கள் சட்டமும் 1991 என்று போட்டிருக்கிறது. அது எங்கே கோர்க்கிறது? சோவியத் யூனியன் உடைந்ததும் இங்கே ஏதாவது பாதித்ததா?

கேள்விக்குறி எழுதியது:

வழிபாட்டுத் தலங்கள் சட்டம் செப்டம்பரில் வந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று எந்த வழிபாட்டு இடம் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம், அயோத்தி மட்டும் விலக்கு. ஏன் அப்போது என்றால், அதே தேர்தலில் பாஜக 120 இடம் வாங்கியிருந்தது, உத்தரப்பிரதேசத்தில் கல்யாண் சிங் முதல்வர், ஜெயலலிதா பதவியேற்ற அதே ஜூன் 24-இல்தான் அவரும் பதவியேற்றார். அயோத்திக்கு அப்புறம் காசி, மதுரா என்று போகாமல் வேலி போடப் பார்த்தார்கள். டிசம்பர் 11-இல் பாஜக தலைவர் முரளி மனோகர் ஜோஷி கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு ஏகதா யாத்திரை கிளம்பினார். காவிரி கெஜட் வெளியான அதே நாள் அது, இது வெறும் தற்செயல்தான், கோர்க்க வேண்டாம். மண்டல் பக்கமும், அதாவது இடஒதுக்கீட்டுப் பக்கமும், ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 25-இல் ராவ் அரசு பொருளாதாரத்தில் பின்தங்கிய மற்றவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு என்று ஓர் ஆணை போட்டது, அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றத்தின் இந்திரா சாஹ்னி தீர்ப்பில் அது அடிபட்டது. தேர்வுக்கு இது கட்டாயம் வேண்டும்.

பழையபேப்பர் எழுதியது:

சோவியத் விஷயம் பாதித்தது, நேரடியாகவே. அவர்களோடு நமக்கு ரூபாய் வணிகம், டாலர் தேவையில்லை. தேயிலை, தோல், பின்னலாடை, மருந்து எல்லாம் அங்கே போகும், ராணுவத் தளவாடமும் எண்ணெயும் இங்கே வரும். டாலர் இல்லாமல் நாம் மூச்சுத் திணறிய அதே வருஷம், டாலர் கேட்காத ஒரே பெரிய வாடிக்கையாளரும் காணாமல் போனார். வாங்கிக்கொண்டிருந்த அரசு நிறுவனங்களே கலைந்துபோனதால் சரக்கு அனுப்பியவர்கள் யாரிடம் பணம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். எங்கள் கிளையிலேயே இரண்டு தோல் ஏற்றுமதிக்காரர்கள் கணக்கு வாராக்கடன் ஆனது. வங்கிகளின் வாராக்கடனை ஒழுங்காகக் கணக்கில் காட்டுங்கள் என்று நரசிம்மம் கமிட்டி அறிக்கை கொடுத்ததும் அந்த நவம்பரில்தான். அதை அமல்படுத்தினபோது எங்கள் வங்கி லாபம் காணாமல் போய், அந்த வருஷம் போனஸ் பேச்சையே யூனியன் எடுக்கவில்லை.